கதை படிக்கப் போய் கரண்ட் கணக்கில் வந்து நின்ற கேள்விகள்

கோவையில் எங்கள் வாசகர் வட்டம் கோடைக்கு ஒரு காலநிலை நாவலை எடுத்துக்கொண்டது. கதையைப் பற்றிய பேச்சு சீக்கிரமே முடிந்துவிட்டது. அப்புறம் வந்ததெல்லாம் கரண்ட் கேள்விகள். ஏசி வாங்குவது தப்பா, இத்தனை காற்றாலை இருந்தும் ஏன் நிலக்கரி, மொட்டைமாடியில் சோலார் போட்டால் போதாதா என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன். கணக்குகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கணக்குகள்தான்.

அது என்ன நாவல்? அதற்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்க எழுத்தாளர் கிம் ஸ்டான்லி ராபின்சன் எழுதிய 'தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃப்யூச்சர்'. 2020ல் வந்தது. முதல் அத்தியாயம் உத்தரப் பிரதேசத்தில் ஒரு சிறிய ஊரில் நடக்கிறது. காற்றில் சூடும் ஈரமும் சேர்ந்து ஏறிக்கொண்டே போகின்றன. கரண்ட் போய்விடுகிறது. ஜெனரேட்டரையும் ஏசியையும் துப்பாக்கியைக் காட்டிப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். கடைசியில் ஊரே ஏரியில் இறங்குகிறது. ஏரித் தண்ணீரும் உடம்புச் சூட்டைவிட அதிகமாக இருக்கிறது.

வெயில் நமக்குப் புதிதில்லை. படித்தவர்களை உலுக்கியது கரண்ட் போகும் இடம்தான். அதுவரை அது ஒரு கடுமையான கோடை, அவ்வளவுதான். கரண்ட் போனதும் சாவு வீடாகிறது. இங்கே எல்லாக் கேள்விகளும் அந்த இடத்திலிருந்துதான் கிளம்பின.

கதைக்கு அது சரி. நிஜத்தில் அப்படி நடக்குமா?

அந்த அளவுக்கு, லட்சக்கணக்கில் ஒரே வாரத்தில் செத்தார்கள் என்று எங்கும் நடந்ததில்லை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் அறிவியல் கற்பனை இல்லை. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி எடுக்கும் அளவு இதைக் காட்டும். ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அது 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆள்கூட சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்று 2010ல் ஓர் ஆய்வு சொன்னது. 2022ல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தபோது, ஈரப்பதம் மிகுந்த நிலையில் 31 டிகிரிக்குப் பக்கத்திலேயே உடம்பு தடுமாறத் தொடங்குவது தெரிந்தது. முதியவர்களுக்கு எல்லை அதைவிடக் கீழே.

அதனால்தான் வேலூரில் 41 டிகிரி அடிக்கும் நாளில், சென்னையில் 37 டிகிரியில் இருப்பவர் அதற்குச் சமமாக அவதிப்படுகிறார். வானிலை ஆய்வு மையமும் வெப்ப அலைக்கான எல்லையைச் சமவெளிக்கு 40 டிகிரி, கடற்கரைக்கு 37 டிகிரி என்று தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வெயிலில் இறந்ததை 'நெஞ்சுவலி' என்று எழுதிவிட்டால் அந்தப் பணம் எப்படிக் கிடைக்கும் என்பது வேறு கேள்வி.

தமிழில் இப்படிப்பட்ட கதைகள் உண்டா?

காலநிலை மாற்றம் என்று பேர் வைத்து எழுதியது குறைவு. வைரமுத்துவின் 'மூன்றாம் உலகப் போர்' புவி வெப்பத்தை ஒரு கிராமத்து விவசாயத்தோடு நேரடியாக முடிச்சுப் போடுகிறது. என் ஓட்டு அதைவிடப் பழைய சா. கந்தசாமியின் 'சாயாவன'த்துக்கு. கரும்பாலை கட்ட ஒரு வனத்தை அழிக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. 'காலநிலை' என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை. இன்னும் பின்னால் போனால், முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரமே சொல்லிவிட்டது. ஆனால் மின்சாரத்தை மையமாக வைத்த தமிழ் நாவல் எதுவும் என் கண்ணில் படவில்லை. 2008 தொடங்கி சில வருடம் மின்வெட்டில் வெந்த மாநிலத்தில், தறிகள் நின்ற கதை எவ்வளவு இருக்கும்!

தமிழ்நாட்டில் மின்தேவை உண்மையிலேயே அவ்வளவு ஏறிவிட்டதா?

2023 ஏப்ரல் 20 அன்று உச்சத்தேவை, அதாவது ஒரே நேரத்தில் அதிகபட்சமாக வேண்டியிருந்தது, 19,387 மெகாவாட். அதுவே அப்போது சாதனை. அடுத்த வருடம் மே 2 அன்று 20,830 மெகாவாட். ஒரே வருடத்தில் கூடியது 1,400 மெகாவாட்டுக்கு மேல். கூடங்குளத்தில் ஓர் உலை 1,000 மெகாவாட் என்று நினைவில் வைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய ஏற்றம் என்பது புரியும். அதே 2024 மே 30 அன்று நாடு முழுவதற்குமான தேவை 250 கிகாவாட்டை (2,50,000 மெகாவாட்) தொட்டது.

தொழிற்சாலை, விவசாயம், புது வீடுகள் என்று காரணம் பல. ஆனால் சாதனைகள் எல்லாம் ஏப்ரல், மே மாதங்களில் வந்து விழுவதைப் பார்த்தால் வெயிலின் பங்கு தெரியும். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியே 29 டிகிரியைத் தொட்டது. ஃபேன் மாட்டும் பழக்கமே இல்லாத ஊரில் ஃபேன் விற்பனை சூடுபிடிக்கிறது என்றால் பாருங்கள்.

அப்போ ஏசி போடுகிறவர்கள்தான் குற்றவாளிகளா?

இல்லை. ஏறக்குறைய பத்தில் ஒன்பது இந்திய வீடுகளில் ஏசியே கிடையாது. ஓர் இந்தியர் வருடத்துக்குச் சராசரியாக 1,400 யூனிட் அளவில் செலவழிக்கிறார். உலகச் சராசரி அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அமெரிக்கர் 12,000 யூனிட்டைத் தாண்டுகிறார். தகரக் கூரைக்குக் கீழே கைக்குழந்தையோடு படுப்பவர் தவணையில் ஏசி வாங்கினால், அவருக்குப் பாடம் எடுக்க எனக்கு வாய் வராது.

ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஒன்றரை டன் ஏசி ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால், மாடலையும் அறையையும் பொறுத்து 6 முதல் 10 யூனிட் இழுக்கும். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. காரணம், உற்பத்தியில் நான்கில் மூன்று பங்கு நிலக்கரி. ஆக ஓர் இரவுத் தூக்கத்துக்கு ஐந்து, ஆறு கிலோ கரிவாயு. அது காற்றைச் சூடாக்கும். அடுத்த கோடைக்கு இன்னும் கொஞ்சம் ஏசி வேண்டியிருக்கும்.

ஏசி வெளியே தள்ளும் சூடு தெருவைச் சூடாக்குமா?

ஆக்கும். நெருக்கமான தெருவில் எதிர்வீட்டு அவுட்டோர் யூனிட்டுக்கு நேரே ஜன்னல் இருப்பவரைக் கேளுங்கள். அதோடு உள்ளே இருக்கும் வாயுவும் ஒரு தொல்லை. பழைய ஏசிகளில் பலவற்றில் இருக்கும் ஆர்-410ஏ, கரிவாயுவைப்போல 2,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இப்போது வரும் ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மெக்கானிக் 'கேஸ் இறங்கிடுச்சு, ஃபில் பண்ணிடலாம்' என்று சொன்னால், ஒழுகும் இடத்தை அடைத்துவிட்டு நிரப்பச் சொல்லுங்கள். ஒழுகலை விட்டுவிட்டு வருடா வருடம் நிரப்புவது பணத்துக்கும் கேடு, காற்றுக்கும் கேடு.

காற்றாலையில் முன்னணி மாநிலம், சோலாரும் குவிந்து கிடக்கிறது. பிறகு ஏன் நிலக்கரியை விட முடியவில்லை?

எங்கள் வட்டத்தில் அதிக நேரம் ஓடியது இந்தக் கேள்விதான். எவ்வளவு மின்சாரம் என்று கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும்.

முதலில் காற்றைப் பார்ப்போம். 1986ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் சோதனைக்காக நட்ட சிறிய காற்றாலைகளில் தொடங்கி, இன்று ஆரல்வாய்மொழி கணவாய், பாலக்காட்டுக் கணவாய், கயத்தாறு, உடுமலை, கம்பம் பள்ளத்தாக்கு என்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியிருக்கிறோம். ஆனால் காற்று நம் காலண்டரைப் பார்த்து வீசுவதில்லை. மே பிற்பாதியில் தென்மேற்குப் பருவக்காற்று எட்டிப் பார்த்து, ஆடியில் அம்மியைப் பறக்கவிட்டு, செப்டம்பரோடு அடங்கிவிடும். சீசன் நன்றாக இருக்கும் நாளில் காற்று மட்டுமே 5,000 மெகாவாட்டைத் தாண்டித் தரும். ஏப்ரல் உச்சி வெயிலில், மிகவும் தேவைப்படும் நேரத்தில், பெரும்பாலான இறக்கைகள் சும்மா நிற்கும்.

சோலாருக்கு வருடம் முழுக்கப் பகல் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016ல் திறந்த 648 மெகாவாட் பூங்கா அப்போது உலகத்தில் பெரியவற்றில் ஒன்று. அதன்பிறகு தென்மாவட்டங்களின் கரிசல் காடு பூராவும் தகடுகள். நாட்டின் 250 கிகாவாட் உச்சம் ஒரு மே மாதப் பகலில்தான் வந்தது, பெரிய தடங்கல் இல்லாமல் சமாளித்தும் விட்டார்கள். வெயில் ஏறும்போதே சோலாரும் ஏறுவதால் பகல் உச்சம் இன்று அவ்வளவு பயமில்லை.

சிக்கல் சாயங்காலம் ஆறரைக்கு மேல். சூரியன் இறங்கியதும் ஆயிரக்கணக்கான மெகாவாட் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வற்றிப்போகிறது. அதே நேரத்தில்தான் வேலை முடிந்து வீடு திரும்புகிறோம். லைட், டிவி, மோட்டார் எல்லாம் ஓடுகின்றன. பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரி சூட்டைக் கக்கத் தொடங்கும்போது படுக்கையறை ஏசியும் சேர்ந்துகொள்கிறது. முன்பெல்லாம் பத்து மணிக்கு மேல் தேவை சரசரவென்று இறங்கும். இரவே குளிராமல் போனபின் அது நள்ளிரவைத் தாண்டியும் தொங்குகிறது.

மின்வாரியங்கள் அன்றாடம் வாங்கி விற்கும் மின்சாரச் சந்தையின் விலையைப் பார்த்தாலே இது தெரியும். வெயில் நேரத்தில் யூனிட் இரண்டு, மூன்று ரூபாய்க்கும், சில நேரம் அதற்கும் கீழேயும் கிடைக்கும். கோடை இரவில் அதே யூனிட் 10 ரூபாய் என்ற உச்சவரம்பில் போய் முட்டும். அந்த இரவுக்காகத்தான் அனல் நிலையங்களை அணைக்க மாட்டேன் என்கிறார்கள். கொதிகலனை ஒருமுறை ஆறவிட்டால் மறுபடி சூடேற்றி மின்சாரம் எடுக்கப் பல மணி நேரமாகும். அதனால் பகலில் சோலார் பொங்கி வழியும்போதும் அவற்றைப் பாதி வேகத்தில் ஓட்டி வைத்திருக்கிறார்கள். லைனில் இடமே இல்லாத நாட்களில் காற்றாலை, சோலார்காரர்களைத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை என்றாலும், ராத்திரிக்கு வேறு வழி செய்யாமல், அப்படி நிறுத்தச் சொல்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பகல் மின்சாரத்தைப் பிடித்து வைத்து ராத்திரி விட முடியாதா?

முடியும். நாம் 1980களின் கடைசியிலிருந்தே செய்துகொண்டிருக்கிறோம். ஆனைமலையில் காடம்பாறை என்று ஒரு மின்நிலையம் இருக்கிறது. மலைக்குள் குடைந்த குகையில் 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே ஆழியாறு மேல் நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். தட்டுப்பாட்டு நேரத்தில் அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றி இறக்குவதில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது கொஞ்சம் கூடுதலாக வீணாகும். ஆனால் இரண்டு ரூபாய்க்குக் கிடைப்பதை ஏற்றிப் பத்து ரூபாய் நேரத்தில் இறக்குவது நஷ்டமில்லை.

அது கட்டப்பட்ட காலத்தில் மிச்சம் இருந்தது ராத்திரியில், தட்டுப்பாடு பகலிலும் மாலையிலும். இப்போது மிச்சம் பகலில். நாற்பது வருடத்துக்குள் கடிகாரமே திரும்பிவிட்டது. நீலகிரியில் குந்தாவில் இதே மாதிரி 500 மெகாவாட் திட்டம் பல வருடமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. மலையில் இனி எத்தனை இடத்தில் குடையலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு, காடும் அங்கேதானே இருக்கிறது. பேட்டரி விலை வேகமாக இறங்கி வருவதால், மாலை ஆறிலிருந்து பத்து வரை தாங்கும் பேட்டரி நிலையங்கள்தான் அடுத்த கட்டம் என்பது என் கணிப்பு. மன்னார் வளைகுடாவில் கடலுக்குள் காற்றாலை நட 2024ல் மத்திய அரசு நிதி ஒப்புதல் தந்திருக்கிறது. கடல் காற்று இன்னும் சீராக வீசும். ஆனால் அதற்குக் காலமும் காசும் நிறைய ஆகும்.

மாநிலத்தில் மின்சாரம் இருக்கிறது என்கிறார்கள். எங்கள் தெருவில் மட்டும் ராத்திரி ஏன் போகிறது?

அது பெரும்பாலும் தட்டுப்பாடு இல்லை, டிரான்ஸ்பார்மர் தாங்காததுதான். தெருமுனையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறதே, அந்தப் பெட்டிக்குள் சூட்டைத் தணிக்க இருப்பது எண்ணெய். ராத்திரிக் குளிரில் ஆறிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் பகல் சுமையைத் தாங்கும். இப்போது ராத்திரியும் சூடு, சுமையும் ராத்திரியில்தான் அதிகம். நாற்பது வீட்டுக்குப் போட்ட டிரான்ஸ்பார்மரில் நாலு ஏசி இருந்தது நாற்பது ஏசி ஆனால் முதலில் வோல்டேஜ் இறங்கும், ஃபேன் அசைந்து அசைந்து சுற்றும். அப்புறம் ஃப்யூஸ் போகும். ஒரு பேஸ் மட்டும் போய் எதிர்வரிசையில் லைட் எரிவதைப் பார்த்து வயிறு எரிவோம்.

இதில் நம் பங்கும் உண்டு. ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட் என்று வாங்கிய இணைப்பில் மூன்று ஏசி மாட்டிவிட்டு, கூடுதல் மின்பளுவுக்கு எழுதிக் கொடுக்க மாட்டோம். கணக்கில் இல்லாத சுமைக்கு ஈபி எப்படிப் பெரிய டிரான்ஸ்பார்மர் வைக்கும்? நள்ளிரவில் கம்பத்தில் ஏறும் லைன்மேனைத் திட்டுவதற்கு முன் இதை யோசிக்கலாம்.

2012ல் வட இந்தியாவே இருண்டதே, அப்படி இங்கே ஆகுமா?

2012 ஜூலை 30, 31 தேதிகளில் அது நடந்தது. இரண்டாம் நாள் 60 கோடிப் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். தென்மாநிலங்கள் தப்பியதற்குக் காரணம், நம் மின்கட்டமைப்பு (கிரிட்) அப்போது நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒரே தாளத்தில் இணையவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக இணைந்தோம். இணைந்ததால் ராஜஸ்தான் சோலாரை நாம் வாங்கலாம், நம் ஆடிக்காற்றை அவர்களுக்கு விற்கலாம். பதிலுக்கு, அங்கே விழுந்தால் இங்கேயும் ஆட்டம் காணும். அதன்பிறகு பாதுகாப்பு ஏற்பாடுகள் நிறையவே கூடியிருக்கின்றன.

நம் பக்கத்தில் அதைவிட நிஜமான பயம் புயல். 2018 நவம்பரில் கஜா ஒரே ராத்திரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. டெல்டாவின் உள்கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது. காலநிலை மாற்றம் தேவையை மட்டும் ஏற்றவில்லை, கம்பியையும் அறுக்கிறது.

இலவச மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடாதா?

எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இதைக் கேட்பார். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதை நம்பி வாழும் வீடு பூமியைச் சூடாக்கவில்லை. விவசாயத்துக்கான இலவச இணைப்பு 20 லட்சத்தைத் தாண்டும். அங்கே தண்ணீர் வீணாவது உண்மைதான். ஆனால் மோட்டாருக்கான மும்முனை மின்சாரத்தை நடுராத்திரியில் விடாமல் பகலில் விட்டால், மிச்ச சோலார் நேரே கிணற்றுக்குப் போகும். விவசாயியும் டார்ச்சோடு பாம்புக்குப் பயந்து போக வேண்டாம். நிறுத்துவதைவிட நேரம் மாற்றுவது எளிது.

செயற்கை நுண்ணறிவுதான் மின்சாரத்தைக் குடிக்கிறதாமே?

2024ல் உலகத்து டேட்டா சென்டர்கள் எல்லாம் சேர்ந்து உலக மின்சாரத்தில் சுமார் 1.5 சதவீதம் எடுத்தன என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கு. 2030க்குள் அவை எடுக்கும் மின்சாரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகலாம் என்றும் சொல்கிறது. ஏசியும் ஃபேனும் சேர்ந்து எடுப்பது 10 சதவீதத்தை ஒட்டி. உலக அளவில் பார்த்தால் பயம் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கப்பட்டது. ஆனால் ஒரே இடத்தில் குவிவதால் அந்த ஊருக்கு அது பெரிய சுமை. சிறுசேரி, அம்பத்தூர் பக்கம் வரிசையாக எழும்பும் ஜன்னல் இல்லாத கட்டடங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது, தண்ணீரும் வேண்டும். சென்னையில் தண்ணீர்க் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறேன். ராத்திரி சார்ஜ் போட்டால் தப்பா?

100 கிலோமீட்டருக்கு இரண்டு, மூன்று யூனிட்தான். தப்பில்லை. வேலையிடத்தில் பகலில் போட முடிந்தால் அங்கே போடுங்கள். வீட்டில் என்றால் வந்ததும் சொருகாமல் நள்ளிரவுக்கு மேல் டைமர் வையுங்கள்.

பில்லும் குறைய வேண்டும், சூடும் குறைய வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

ஃபேனிலிருந்து. பழைய ஃபேன் 75 வாட். பிஎல்டிசி என்ற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டுக்குப் பக்கம். இன்வெர்ட்டரிலும் இரண்டு மடங்கு நேரம் ஓடும். அடுத்தது கூரை. மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ கூல் ரூஃப் பெயின்ட்டோ அடித்தால் அறைச் சூடு இறங்குவது கையில் தெரியும். ஏசியை 24லிருந்து 26க்கு ஏற்றி, ஃபேனையும் ஓடவிடுங்கள். ஒரு டிகிரிக்கு 6 சதவீதம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது.

அப்புறம் 500 என்ற எண்ணில் கண் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரைக்கும் மானிய விலை. ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த மானியம் போய்விடும், மேலே வரும் யூனிட்டுகளின் விலையும் எகிறும். ரீடிங் எடுக்க வருவதற்கு ஒரு வாரம் முன்பு மீட்டரில் நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது.

மாடியில் சோலார் போட்டால் கரண்ட் கட்டிலும் ஓடுமா?

சாதாரணமாக ஓடாது. பலர் போட்ட பிறகுதான் இதைக் கண்டுபிடித்து ஏமாந்து போகிறார்கள். 3 கிலோவாட் போட்டால் நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் வரும். பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. அடுக்குமாடிச் சங்கங்களுக்கும் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் வீதம் கிடைக்கும். ஆனால் ஈபி லைனோடு இணைத்த இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் இல்லை என்றதும் தானாக நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். பழுது பார்க்க லைன்மேன் கம்பத்தில் இருக்கும்போது உங்கள் வீட்டுக் கரண்ட் அந்தக் கம்பியில் ஏறினால் ஆள் போய்விடுவார். கரண்ட் கட்டிலும் ஃபேன் சுற்ற வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் கேளுங்கள். செலவு கணிசமாகக் கூடும். முழு வீட்டுக்கும் வேண்டாம், ஒரு படுக்கையறையின் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும் தனி ஒயரிங் போட்டால் சின்னப் பேட்டரியே ஒரு ராத்திரி தாங்கும்.